பட்டம் கொடுத்தீர்கள், சேகரமும் கொடுங்கள்

தென்னிந்தியத் திருச்சபையின் தமிழகத் திருமண்டலங்களை (டயோசிஸ்களை) சேர்ந்த பேராயர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், சேகரக் கமிட்டிகளில் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

குருமாரின் மாற்றல் பட்டியல் தயாராகிற நேரம் இது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். குருப்பட்டம் பெற்ற பெண்களுக்குச் சேகரம் கொடுங்கள், ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் சபைகளின் தொகுதியைக் கொடுங்கள். விடுதி வார்டன் வேலையோ, பள்ளியில் நீதிபோதனை வகுப்போ, பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஆலோசகர் பதவியோ நான் கேட்கவில்லை. ஆலயமும் கிளைச்சபைகளும் பதிவேடும் கமிட்டியும் கணக்கும் உள்ள முழுச் சேகரத்தைக் கேட்கிறேன்.

பெண் குருவாகலாமா என்ற கேள்விக்கு நம் திருச்சபை 1970களிலேயே பதில் சொல்லிவிட்டது. நமக்கு ஜெபப் புத்தகம் தந்த இங்கிலாந்துத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1994இல்தான். பேராயர் விஷயத்திலும் அப்படியே. 2013இல் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா அம்மா நம் திருச்சபையின் முதல் பெண் பேராயராக அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்தில் முதல் பெண் பேராயர் வந்தது 2015இல். ஆனால் 2025இல் அங்கே, முன்பு நர்ஸாக இருந்த சாரா முல்லாலி, அந்தத் திருச்சபையின் தலைமைப் பதவியான கேன்டர்பரி பேராயராகவே அறிவிக்கப்பட்டுவிட்டார். நமக்குப் பின்னால் வந்தவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். நாம் மட்டும் இன்னும் "சபை ஒத்துக்கொள்ளுமா, பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

திருமண்டலத்துக்குத் திருமண்டலம் நிலைமை வேறு என்பது எனக்குத் தெரியும். சில இடங்களில் பெண் குருமார் சேகரம் நடத்துகிறார்கள், நன்றாகவே நடத்துகிறார்கள். அந்தப் பேராயர்கள் இந்த மடலை ஒரு நன்றிக் கடிதமாக எடுத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

ஒரு பெண்ணைத் திருமண்டலமே தேர்ந்தெடுத்து இறையியல் கல்லூரிக்கு அனுப்புகிறது. அவள் எபிரெயமும் கிரேக்கமும் படித்து, பி.டி. என்னும் இறையியல் பட்டம் வாங்கி, சபை ஊழியராக வேலை பார்த்து, உதவிகுருவாகி, அப்புறம் குருவாகிறாள். பேராயர் அவள் தலையில் கை வைக்கிறார். ஆணுக்குக் கேட்கிற அதே கேள்விகள், அதே வாக்குறுதிகள், அதே அங்கி. அதற்குப் பிறகு சேகரம் என்று வரும்போது மட்டும் ஏன் பேச்சு மாறுகிறது?

எப்படி மாறுகிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சேகரத்துக்கு மாற்றல் பட்டியலில் பெண் குருவின் பெயர் வந்தது. அந்தக் கமிட்டியில் நானும் இருந்தேன். அவர் வந்து சேரும் முன்பே கூட்டம் போட்டார்கள். முதலில் யாரும் வேதத்தை எடுக்கவில்லை. ஒருவர், "கடை வாடகை கேஸ் கோர்ட்டில் நிற்கிறது, அந்த அம்மாவால் சமாளிக்க முடியுமா?" என்றார். இன்னொருவர், "ராத்திரி ஒரு மணிக்குச் சாவு விழுந்தால் வருவார்களா?" என்றார். பெண்கள் நாங்களும் அங்கே இருந்ததால் மூன்றாமவர் தயங்கினார். பிறகு சொன்னார்: "மாசத்துல அந்த நாட்கள்ல திருவிருந்து எப்படிக் கொடுப்பாங்க?" அதற்குப் பிறகு விவாதமே நடக்கவில்லை. மனு எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், மனு பேராயர் அலுவலகத்துக்குப் போனது, உத்தரவு மாறியது. அந்தக் குரு ஒரு விடுதிக்கு அனுப்பப்பட்டார்.

கோர்ட் கேஸுக்கு வக்கீல் இருக்கிறார். ராத்திரிச் சாவுக்கு எந்த ஐயரும் (ஆண் குருவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) தனியாகப் போவதில்லை. சபையில் குருவுக்கு உதவும் உபதேசியாரோ கமிட்டிக்காரர் ஒருவரோ டார்ச் லைட்டோடு கூடப் போகிறார்கள். அதே ஆள் ஒரு பெண் குருவோடும் போகலாம். நம் மிஷன் ஆஸ்பத்திரிகளில் இராத்திரி டியூட்டி பார்க்கிற பெண்களை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை.

மூன்றாவது கேள்விதான் என்னை இன்னும் விடவில்லை. அதைக் கேட்டவர் கெட்டவர் இல்லை. மற்றவர்கள் மனசில் இருந்ததை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். அதனால் அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்கும் சொல்கிறேன். மாற்கு 5ஆம் அதிகாரத்தை எடுங்கள். பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நிற்காத, ஒரு ஸ்திரீ கூட்டத்துக்குள் வந்து ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின்படி அவள் தொட்டதெல்லாம் தீட்டு. ஆண்டவர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குளிக்கவில்லை. தொட்டது யார் என்று கேட்டு அவளை எல்லார் முன்பாகவும் நிறுத்துகிறார், "மகளே" என்று கூப்பிடுகிறார். அதோடு நின்றுவிடவில்லை. அப்படியே ஜெப ஆலயத் தலைவனான யவீருவின் வீட்டுக்குப் போய், செத்துக் கிடந்த பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கையைப் பிடித்துத் தூக்குகிறார். பிணத்தைத் தொடுவதும் தீட்டுதான். ஒரே நாளில் இரண்டு தீட்டையும் அவர் தாண்டிப் போனார். அவருடைய பந்தியைப் பரிமாறுகிற கையில் நாம் எந்த அதிகாரத்தில் தீட்டுப் பார்க்கிறோம்?

இன்னொன்று. சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்துக்குள் போய்ப் பாருங்கள். திருவிருந்து மேசை விரிப்பைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவருவது பெண்கள். பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் துடைத்து வைப்பது பெண்கள். அப்பத்தட்டை மூடுகிற வெள்ளைத் துணியில் சிலுவையைத் தைத்ததும் ஒரு பெண்தான். அவர்களிடம் இன்று என்ன நாள் என்று யாரும் கேட்பதில்லை. சனிக்கிழமை தொடலாம், ஞாயிற்றுக்கிழமை அதே பாத்திரத்தைக் கையில் எடுத்து "இது கிறிஸ்துவின் இரத்தம்" என்று சொல்லக் கூடாது என்றால், தடை உடம்பில் இல்லை. சொல்கிற அதிகாரத்தில்தான் இருக்கிறது.

பெண் சபையில் பேசக் கூடாது என்று அப்போஸ்தலன் பவுலைச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்" என்று எழுதிய அதே கொரிந்தியர் நிருபத்தில், பதினோராம் அதிகாரத்தில், பெண்கள் சபையில் ஜெபம் பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடக்கிற விஷயமாகவே பவுல் பேசுகிறார். ரோமர் கடைசி அதிகாரத்தில் முதல் ஆளாகப் பெபேயாளின் பெயரைச் சொல்லி, கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்கிறார். தீமோத்தேயு நிருபத்தில் பெண் உபதேசிக்கக் கூடாது என்ற வசனத்துக்குச் சற்று மேலேயே பொன்னும் முத்தும் அணியக் கூடாது என்ற வசனமும் இருக்கிறது. நம் கல்யாண ஆராதனைகளில் அதை யாரும் நிறைவேற்றுவதில்லை. அந்தக் காலத்துச் சூழ்நிலை என்று விளக்கம் சொல்கிறோம். அந்த விளக்கம் நியாயம்தான். அதை அடுத்த வசனம் வரைக்கும் கொண்டுபோங்கள்.

நம் சொந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபை எங்கே தொடங்கியது? பாளையங்கோட்டையில், கிளாரிந்தா அம்மாளிடம். தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமண விதவை. அவர் ஞானஸ்நானம் கேட்டபோது ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் உடனே கொடுக்கவில்லை. 1778இல்தான் கொடுத்தார். அதற்குள் அந்த அம்மா தன்னைச் சுற்றி ஜனங்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார். 1780இல் எழுதப்பட்ட முதல் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். பட்டியலில் முதல் பெயர் கிளாரிந்தா. உபதேசியார் வேண்டும் என்று கேட்டு வாங்கினார், முன்நின்று ஆலயம் கட்டினார். அந்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது. இன்றைக்கும் ஊர்க்காரர்கள் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றுதான் சொல்கிறார்கள். சபையைக் கூட்டியது அவர், காப்பாற்றியது அவர், ஆள் தேடியது அவர். ஒரு சேகர குரு செய்கிற வேலையில் அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைக்காதது பட்டம் மட்டும்தான்.

அவருக்குப் பின்னால் வந்த பைபிள் உமன்கள் எத்தனை பேர். வெயிலில் ஊர் ஊராக நடந்து, வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். ஆண் உபதேசியார் நுழைய முடியாத வாசல்களில் அவர்கள் நுழைந்தார்கள். ஒவ்வொரு உலைக்கும் ஒரு கைப்பிடி அரிசி ஒதுக்கி ஆலயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் பெண்கள்தான்.

பெண் குரு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு ஒரு சாட்சி இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சேகரத்தில் ஐயர் உடம்பு முடியாமல் விடுப்பில் போனபோது, தற்காலிகமாக ஒரு பெண் குரு பொறுப்பேற்றார். பார்சனேஜ் என்னும் குரு இல்லத்தின் திண்ணையில் எந்நேரமும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடிவாங்கிய கையை முந்தானையால் மூடிக்கொண்டு வருஷக்கணக்காக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குருவிடம் வாய் திறந்தார். அந்த ஊரில் பெண்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. ஆலய வாசலோடு நின்றுவிடுவார்கள். ஒரு பெரியவரின் அடக்க ஆராதனையில் அந்தக் குரு அங்கி போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நடந்தார். செத்தவரின் இரண்டு மகள்களும் பின்னாலேயே போனார்கள், யாரும் தடுக்கவில்லை. அப்பாவின் பெட்டி மேல் அவர்களும் மண் போட்டார்கள். ஐயர் குணமாகித் திரும்பியபோது, முதலில் முணுமுணுத்தவர்களே "அம்மாவை இங்கேயே விடச் சொல்லுங்க" என்றார்கள்.

அப்படியானால் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது? மரியாதையோடு, ஆனால் மறைக்காமல் சொல்கிறேன். சேகர குருதான் கமிட்டிக்குத் தலைவர். கணக்கில் கையெழுத்து அவருடையது, ரசீதுப் புத்தகம் அவர் பார்வையில் இருக்கிறது. திருமண்டல கவுன்சில் (டி.சி.) தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலும் அவர் கையில்தான் வருகிறது. எந்த அணிக்கு எவ்வளவு பலம் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு, எந்தப் பக்கமும் சேராத ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்காருவது பயமாக இருக்கிறது. திருவிருந்து, தீட்டு, பவுல் எல்லாம் அந்தப் பயத்துக்கு முன்னால் நிறுத்தி வைக்கிற தட்டிகள். எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன், உண்மையாகவே மனச்சாட்சிப்படி தயங்குகிறவர்கள் உண்டு. அவர்களிடம்தான் மாற்கு 5ஐ வாசிக்கச் சொன்னேன்.

பேராயர்களே, ஒரு பெண் குருவைச் சேகரத்துக்கு அனுப்பினால், முதல் ஞாயிறு நீங்களே வந்து சபைக்கு முன்னால் அவரை நிறுத்திப் பொறுப்புக் கொடுங்கள். அவர் வந்து சேரும் முன் வருகிற மனுவுக்காக உத்தரவை மாற்றாதீர்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கிற முழுக் காலத்தையும் அவருக்கும் கொடுங்கள். கணவனும் மனைவியும் குருமாராக இருந்தால் அடுத்தடுத்த சேகரங்கள் பார்த்துக் கொடுங்கள், ஒருவரை விடுதியில் போட்டுவிட்டு ஊழியம் கொடுத்ததாகக் கணக்குக் காட்ட வேண்டாம். கமிட்டிக்காரர்களே, ஒரு வருடம் அவருடைய பிரசங்கத்தைக் கேளுங்கள், வீடு சந்திப்பைப் பாருங்கள், அதற்குப் பிறகு குறை இருந்தால் ஆண் குருவுக்குச் சொல்வதுபோலவே சொல்லுங்கள்.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாரே, உங்களிடமும் பேச வேண்டும். அன்றைக்குப் போன மனுவில் நம்மில் பலருடைய கையெழுத்தும் இருந்தது. வீட்டுக்காரர் சொன்னார், போட்டோம் என்றீர்கள். உயிர்த்தெழுதலைப் பெண்கள் வந்து சொன்னபோது அப்போஸ்தலருக்கே அது வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்கா எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெண்கள் அதற்காகச் சொல்லாமல் இருந்துவிடவில்லை. அடுத்த தடவை தாள் வந்தால் வாசித்துப் பாருங்கள், சம்மதம் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கள் சேகரத்தில் இப்போதைய ஐயாவின் காலம் வருகிற மே மாதத்தோடு முடிகிறது. அடுத்து ஒரு பெண் குருவை அனுப்பும்படி மனு கொடுக்கச் சில குடும்பங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். யாரிடம், எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து சொல்லுங்கள். கையெழுத்தோடு நாங்களே நேரில் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
தென் தமிழகத்துச் சபை ஒன்றின் உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியை