முன் டயர் தேய்ந்தால் பின் அச்சையும் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் பிரேக் பிடிக்கவில்லையா, நியூட்ரலில் இறக்கினாரா என்று விசாரிக்கிறோம். டயர் எப்படித் தேய்ந்திருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. காவேரிப்பட்டணத்தில் லாரி அலைன்மென்ட் (சக்கரங்களை நேராக ஓடும்படி சரிசெய்யும்) பட்டறை நடத்தும் எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.

கிரானைட் கல் ஏற்றும் வண்டிகள் என்னிடம் வரும்போது முன் டயரின் வெளி ஓரம் வழுக்கையாக இருக்கும். உள் ஓரத்தில் பட்டன் (டயரின் மேல் உள்ள மேடு பள்ளம்) அப்படியே நிற்கும். "திருப்பி மாட்டிக் கொடுங்கண்ணே, போதும்" என்பார்கள். திருப்பி மாட்டினால் மிச்சமிருக்கும் ஓரமும் போகும். காரணம் வண்டியிலேயே இருக்கிறது.

உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகப் போய், திரும்பும்போது ரம்பம் போல் அறுத்தால் டோ அளவு, அதாவது முன் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு, தப்பு. இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடில் சரிசெய்துவிடலாம். அதற்கு முன் வீலை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்து, சக்கரம் திரும்பும் ஆணியான கிங்பின்னிலும், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் பேரிங்கிலும் உள்ள ஆட்டத்தை எடுத்தாக வேண்டும். ஆட்டத்தோடு அலைன்மென்ட் பார்ப்பது தண்டச் செலவு. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நின்றால் காற்று குறைவு. கோடையில் பலர் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிடுகிறார்கள். அது தவறு, அதனால் டயர் இன்னும் சூடேறும். ஆறிய டயரில்தான் காற்று பார்க்க வேண்டும்.

பலரும் கவனிக்காத இடம் பின் அச்சு. அச்சை ஸ்பிரிங் பட்டையோடு பிடித்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்தோ யு-போல்ட் தளர்ந்தோ அச்சு நகர்ந்துவிட்டால் வண்டி கோணலாக ஓடும். டிரைவர் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடித்தே ஓட்டுவார். முன் டயர் தேயும். இதற்கு கம்ப்யூட்டர் மெஷினே வேண்டாம். சமதளத்தில் ஸ்டியரிங்கை நேராக வைத்து நிறுத்தி, முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை இரு பக்கமும் டேப் பிடித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சட்டப்படி லாரி டயரில் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும். எஃப்.சி.யின்போது (வாகனத் தகுதிச் சான்றுக்கான சோதனை) அதை நடுவில் மட்டுமல்ல, இரு ஓரங்களிலும் அளக்க வேண்டும். சாலைப் பாதுகாப்பு மாதத்தில் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை நடப்பதுபோல, கணவாய்க்கு முன்னே இருக்கும் பாளையம் சுங்கச்சாவடியில் டயர் பரிசோதனைக்கும் தருமபுரி மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். அழைத்தால் கூலி வாங்காமல் வந்து பார்த்துக் கொடுக்கிறேன்.

- லாரி அலைன்மென்ட் பட்டறைக்காரர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்