வாசகர் வட்டத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நூலகர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மழைக்காலம் நீங்கலாக மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. புத்தக அறிமுகம், பள்ளிப் பிள்ளைகளுக்கான வாசிப்புப் போட்டி எல்லாம் வழக்கம்போல. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கை எடுத்துக்கொண்ட ஒரு விஷயத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் உறுப்பினர் ஒருவர், தன் ஊர் நிலத்தடி நீரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தேடினார். இணையத்தில் சுருக்கம் மட்டும் கிடைத்தது. முழுக் கட்டுரைக்கு டாலரில் பணம் கேட்டது. ஆய்வுக்கான நிதி அரசுடையது, ஆய்வாளர் சம்பளமும் அரசுடையது, தண்ணீர் எடுத்ததோ அந்த ஊர்க் கிணறுகளில். அந்த ஊர்க்காரருக்கு மட்டும் அதைப் படிக்க வழியில்லை. இது நியாயமில்லை என்று அன்றைய கூட்டத்தில் எல்லோருமே சொன்னோம்.

அப்புறம் நிலவரத்தைத் தெரிந்துகொண்டோம். அரசுக் கல்வி நிறுவனங்களில் உள்ளவர்கள் ஆய்விதழ்களைப் படிக்க அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். அரசுக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு இது பெரிய உதவி, மனமார வரவேற்கிறோம். ஆனால் முதல் கட்டத்தில் பொது நூலகங்கள் இல்லை. பண்ருட்டிப் பலா விவசாயியும் தேவனாம்பட்டினம் மீனவரும் வெளியேதான் நிற்கிறார்கள். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடக்கும் ஆய்வுகளை, வெளியாகி 12 மாதத்துக்குள் எவரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற விதி 2008இல் வந்தது. 2025 ஜூலை முதல் அந்தக் காத்திருப்பும் எடுக்கப்பட்டுவிட்டது. நம் நாட்டிலும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014இலேயே, தங்கள் நிதியில் நடக்கும் ஆய்வுகளை எவரும் இலவசமாகப் படிக்க வழிசெய்யும் திறந்த அணுக்கக் கொள்கையை வெளியிட்டன. கொள்கை இருந்தும் கட்டுரை கைக்கு எட்டாததுதான் வருத்தம்.

சரி, இப்போதே கிடைப்பதையாவது பயன்படுத்துவோம் என்று நூலகக் கணினியில் பயிற்சி வகுப்புகள் நடத்தினோம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்தில் இலவசம் என்பது பலருக்கும் புதுச் செய்தி. கட்டுரை ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதிப் பிரதி கேட்கவும் கற்றுக்கொடுத்தோம். கிராமத்து உறுப்பினருக்கு அவர் தேடிய கட்டுரை அப்படித்தான் வந்தது. ஆசிரியர் தாமே அனுப்பிவைத்து, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றும் எழுதியிருந்தார். நல்ல மனிதர். ஆனால் ஒருவருடைய நல்ல மனதை நம்பி எல்லாரும் இருக்க முடியாது.

ஆகவே நூலகத் துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம். திட்டத்தின் அடுத்த கட்டத்தில் மாவட்ட மைய நூலகங்களைச் சேர்க்கப் பரிந்துரைக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம், பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் போல நம் மாவட்டத்தில் அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளின் பிரதிகள் நம் நூலகத்தில் தனி அடுக்கில் வேண்டும் என்பது இரண்டாவது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், 1948இல், நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்’ என்று விதி வகுத்த நூலக அறிவியல் அறிஞர் ரங்கநாதன் பக்கத்துச் சீர்காழிக்காரர். கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது. மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை, தொடர்ந்து கேட்போம்.

கட்டுரை கிடைத்தாலும் ஆங்கிலமும் கலைச்சொற்களும் தடுக்கின்றன. எனவே வரும் ஆண்டில் மாதம் ஓர் ஆய்வை எளிய தமிழில் சுருக்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செயற்குழு முடிவு செய்துள்ளது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் இதற்கு முன்வர வேண்டும். கணினியையும் நேரத்தையும் தயங்காமல் தந்த நூலகருக்கும் பணியாளர்களுக்கும் நன்றி. சுருக்கம் எழுத விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
கடலூர்