மாரேயை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அசையும் உடலைப் படம்பிடித்த கதையைச் சென்ற இதழில் படித்தேன். புகைப்படக்காரர் மைப்ரிட்ஜ் எடுத்த ஓடும் குதிரைப் படங்களில் தொடங்கி, அவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எடுத்த மனிதப் படங்களோடு கட்டுரை முடிந்துவிட்டது. எத்தியேன் ழூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞரின் பெயரே இல்லை. மனித நடையைப் பற்றிப் பாடம் நடத்துகிற எனக்கு இது பெரிய குறைதான்.

மைப்ரிட்ஜ் 1887-இல் வெளியிட்ட 781 படத் தாள்களும் கண்ணுக்கு விருந்து, மறுக்கவில்லை. ஆனால் சில படவரிசைகளில் விடுபட்ட இடத்தை வேறு படத்தால் அவர் நிரப்பியிருப்பதைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஓவியருக்கு அது பரவாயில்லை. முழங்கால் எந்தக் கணத்தில் எவ்வளவு மடங்கியது என்று அளப்பவருக்கு உதவாது.

இருவரும் எதிரிகள் அல்ல. 1878-இல் ஒரு பிரெஞ்சு அறிவியல் இதழில் மைப்ரிட்ஜின் குதிரைப் படங்களைக் கண்டு வியந்து எழுதியவர் மாரே. (அதுவும் ஆசிரியருக்குக் கடிதம்தான்!) 1881-இல் பாரிஸ் வந்த மைப்ரிட்ஜைத் தன் வீட்டுக்கு அழைத்து அறிஞர்களுக்கு அறிமுகமும் செய்துவைத்தார்.

மாரேயின் முறையில் ஒரே கேமரா, ஒரே கண்ணாடித் தகடு. துளையிட்ட வட்டு ஒன்று கேமராவுக்குள் சீராகச் சுழலும். துளை கடக்கும்போதெல்லாம் ஒரு படம் பதியும். அதனால் படங்களுக்கு இடையிலான நேரம் துல்லியமாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், ஆள் மெதுவாக நடந்தால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். 1883-இல் அதற்கு வழி கண்டார். ஆளுக்கு முழுக்கக் கறுப்பு உடை மாட்டி, கைகால் நெடுக வெள்ளைப் பட்டையும் மூட்டுகளில் பளபளக்கும் பொத்தானும் வைத்து, கறுப்புத் திரைக்கு முன்னால் நடக்கவிட்டார். தகட்டில் ஆளைக் காணோம். கோடுகளும் புள்ளிகளும் மட்டும் விழுந்தன. அப்புறம் என்ன, அளவுகோலை வைத்து அளக்கவேண்டியதுதான்.

1891-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிரவுனே, ஃபிஷர் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே முப்பரிமாணத்துக்குக் கொண்டுபோனார்கள். படைவீரர் ஒருவரின் உடலில் மின்சாரத்தால் ஒளிரும் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவைத்தார்கள். பாவம், கட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆனதாம்! இன்று நடை ஆய்வுக்கூடங்களில் மூட்டுகளில் ஒட்டும் பளபளப்பான உருண்டைகள் இந்த வழியில் வந்தவையே.

அடுத்த இதழில் மாரேயின் கோட்டுப் படம் ஒன்றையாவது போடுங்கள். அரைப் பக்கமாவது ஒதுக்க வேண்டும். சிறிதாகப் போட்டால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவ ஆசிரியர் ஒருவர்,
திருச்சி