கப்பல் பயணம்: முதல் 3 நாள், கவனிக்கவும்

நண்பர்களே, வணக்கம். 12ஆம் தேதி மாலை 5 மணிக்குக் கப்பல் புறப்படுகிறது. பகல் 1 மணிக்குள் முனையத்தில் இருங்கள். தாமதமானவருக்காகக் கப்பல் காத்திருக்காது.

1. பெரிய பெட்டிகள் அறைக்கு வர இரவாகலாம். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டி வேண்டாம், பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

2. ஏறியதும் முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. 2012இல் கோஸ்டா கன்கார்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்தபோது புதிதாக ஏறியவர்களுக்கு இன்னும் பயிற்சியே நடந்திருக்கவில்லை. இப்போது புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ முடித்தாக வேண்டும். ஏழு குறுகிய ஊதல், பின் ஒரு நீண்ட ஊதல் என்றால் அபாய அறிவிப்பு. அபாய அறிவிப்பு வந்தால் நீங்கள் போய்ச் சேர வேண்டிய கூடுமிடத்தின் எண் உங்கள் அட்டையில் இருக்கும்; அதை மனப்பாடம் செய்யுங்கள். படம் எடுப்பதெல்லாம் அப்புறம்.

3. குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, தலைசுற்றும் முன்பே போடுங்கள். ஆட்டம் குறைவு கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில்தான்.

4. கைபேசி விமானப் பயன்முறையில். கடலில் ரோமிங் கட்டணம் எகிறிவிடும்.

5. சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோவைரஸுக்குச் சானிடைசர் மட்டும் போதாது.

6. 13ஆம் தேதி மாலை 4 மணிக்கு மேல்தளத்தில் கூடுவோம். கப்பல் நேரப்படி! மேற்கே போவதால் சில இரவுகளில் கடிகாரம் ஒரு மணி பின்னே போகும்.

அறை எண், உணவுக் கட்டுப்பாடு இரண்டையும் 8ஆம் தேதிக்குள் இங்கே பதிவிடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் வராது, சரியா?