அட்வெஞ்சர் வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு, பட்டறையிலிருந்து

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆயில் மாற்ற வண்டியை விட்டுவிட்டு, "அண்ணே, பேச்சிப்பாறை பக்கம் தோட்டத்துக்குள்ள போகணும், ஹிமாலயன் எடுக்கவா, எக்ஸ்பல்ஸ் எடுக்கவா?" என்று பலர் கேட்கிறீர்கள். இரண்டும் கரடுமுரடான பாதையிலும் போகிற அட்வெஞ்சர் பைக்குகள், ஹிமாலயன் ராயல் என்ஃபீல்டு கம்பெனியுடையது, எக்ஸ்பல்ஸ் ஹீரோவுடையது. கையில் கிரீஸோடு நின்றுகொண்டு பாதியும் முக்காலுமாகப் பதில் சொல்வது எனக்கே திருப்தியாக இல்லை, அதனால் எழுதுகிறேன். நாங்கள் புது வண்டி விற்பதில்லை, டயரும் சர்வீஸும்தான்.

முதலில் எடையைப் பாருங்கள், சிசி (இன்ஜின் அளவு) அப்புறம். ஹிமாலயன் 450 அருமையான வண்டி, 452 சிசி, 40 குதிரைத்திறன், மதுரை பெங்களூரு என்று தூரம் போகிறவருக்குக் கை வலிக்காது. ஆடிக்காற்றில் ஆரல்வாய்மொழி கணவாயைக் கடக்கும்போது அந்த எடை உதவவும் செய்யும். ஆனால் அது 196 கிலோ. குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டத்துச் சரிவில், மழையில் ஊறிய செம்மண்ணும் மேலே சருகும் கிடக்கிற இடத்தில் டயர் பிடிக்கவே பிடிக்காது, நம் குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. எங்களிடம் வருகிற ஒருவர் அப்படிச் சரிந்து, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, தூக்கத்தான் ஆளில்லை, தோட்டத்து வேலையாட்கள் இரண்டு பேர் வந்து கைகொடுக்கும்வரை அட்டைகள் கடிக்கக் கடிக்க உட்கார்ந்திருந்தார்.

எக்ஸ்பல்ஸ் 200 4வி கிட்டத்தட்ட 160 கிலோ. இரண்டுக்கும் சீட் உயரம் 825 மில்லிமீட்டர்தான், ஆனாலும் இலகுவான வண்டியில் நுனிக்கால் எட்டினால் சமாளிக்கலாம், கனமான வண்டியில் பாதம் பதிய வேண்டும். தனியாகக் காட்டுவழி போகிறவருக்கு நான் எக்ஸ்பல்ஸைத்தான் சொல்வேன், நெடுஞ்சாலையில் அது மூச்சு வாங்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டிலும் முன்சக்கரம் 21 இன்ச். பெரிய சக்கரம் குழிக்குள் இறங்காமல் விளிம்பைத் தாண்டிவிடும். மண்பாதைக்கே போகாமல், உடைந்த தார் ரோட்டில் தினமும் வேலைக்குப் போகிறவர் என்றால் 19 இன்ச் முன்சக்கரமும், கம்பியில்லாத அலாய் வீலும், டியூப் இல்லாத டயரும் உள்ள சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் போதும், பஞ்சர் ஒட்டுவதும் எளிது. டியூப் போட்ட ஸ்போக் (கம்பி) சக்கரம் எடுத்தால் ஒரு டியூப், டயரைக் கழற்ற இரண்டு டயர் லீவர், ஒரு பம்ப் பையில் இருந்தே ஆக வேண்டும்.

குளச்சல், மணக்குடி பக்கத்துக்காரர்களே, உப்புக்காற்று ஸ்போக்கையும் செயினையும் தின்றுவிடும். கடற்கரை மணலில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்ததும் செயினுக்கு மசகு எண்ணெய் அடியுங்கள். மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

பணம் கட்டும் முன்னால் ஒருநாள் கடைக்கு வாருங்கள். 199 கிலோ எடையுள்ள பழைய ஹிமாலயன் 411 ஒன்று இங்கே நிற்கிறது. தரையில் சாய்த்துவைக்கிறேன், தனியாகத் தூக்கிப் பாருங்கள்.