தரைத்தளம் பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைப்பிடியைப் பிடிக்காமலே படி இறங்குகிறாய் என்று படித்ததும் மனம் லேசானது. நான் சென்ற மாதக் கடைசியில் அலுவலகப் பொறுப்பை இளையவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். அலமாரிகளைக் காலி செய்யவே பத்து நாள் பிடித்தது, அதனால்தான் பதில் தாமதம்.

கீழ்த்தட்டில் நூல் சுற்றிய வரைபடச் சுருள் ஒன்று கிடைத்தது. பிரித்தால் நம் முதல் கட்டடம். தூண் வரிசையைப் பென்சிலில் போட்டு, ஓரத்தில் "தரைத்தளத்தில் தூண்களை நெருக்கமாக வை, சிறிய கடைகள் வரட்டும்" என்று எழுதியிருக்கிறாய். அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. அடித்தவன் நான். இத்தனை ஆண்டு கட்டியதில் எது நன்றாக அமைந்தது என்று கேட்டிருந்தாய். அந்தச் சிவப்புக் கோட்டிலிருந்துதான் பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

அன்று ஏன் அடித்தேன் என்று உனக்கு விளக்கவே இல்லை. நீ பொறியாளன், பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்ப்பவன். நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்பும் எங்கள் தொழிலில் எல்லாப் பாரமும் கடைசியில் நிலத்தின் விலையில்தான் இறங்கும். கட்டி முடித்த கட்டடம் ஆண்டுக்கு 100 வாடகை தரும் என்று வைத்துக்கொள். வாங்க வருகிறவர் தான் போடும் பணத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீத வருவாய் போதும் என்றால் அதன் மதிப்பு 1,250. கட்டுமானம், வட்டி, லாபம் எல்லாம் சேர்ந்து 1,000 என்றால் நிலத்துக்கு 250 கொடுக்கலாம். அவரே 9 சதவீதம் கேட்டால் மதிப்பு 1,111 ஆகிவிடும். நிலத்துக்கு மிஞ்சுவது 111. ஒரு புள்ளி நகர்ந்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது. நிலத்தை 250க்கு ஏற்கெனவே வாங்கிவிட்டவனுக்கு இரவில் தூக்கம் வராது.

அந்த 8ஐயும் 9ஐயும் தீர்மானிப்பதில் பெரிய பங்கு குத்தகைக்காரருக்கு உண்டு. 15 ஆண்டுக்குக் கையெழுத்துப் போடும் ஒரே நிறுவனம் என்றால் எல்லோருக்கும் நிம்மதி. பதினோரு சின்னக் கடைகள் என்றால் கடன் கொடுப்பவர் முகம் சுருங்கும். சின்னக் கடைகளின் வாடகையைக் கணக்கிலேயே சேர்க்காமல் பூஜ்யம் என்று போட்டதைப் பார்த்திருக்கிறேன். பல நகரங்களில் தரைத்தளங்கள் ஒரே மாதிரிக் கண்ணாடிச் சுவராக நிற்பதற்குக் கட்டடக் கலைஞர்களைத்தான் குறை சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அதில் பாதி இந்தக் கணக்கிலேயே முடிவாகிவிடுகிறது.

நானும் அப்படித்தான் தரைத்தளம் முழுவதையும் ஒரே அலுவலகத்துக்குக் கொடுத்தேன். 60 மீட்டர் நீளம், ஒரே ஒரு கதவு, கண்ணாடியில் உள்ளே தெரியாதபடி ஒட்டிய தாள். மாலை ஆறு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். ஓர் ஆண்டுக்குள் தெருவின் அந்தப் பக்கத்தில் நடப்பவர்களே இல்லாமல் போனார்கள். எதிர்ப்பக்கக் கடைகளும் சீக்கிரமே கதவடைக்கத் தொடங்கின. வாடகை மட்டும் தவறாமல் வந்தது. கணக்குப் புத்தகத்தில் அதைவிட வெற்றிகரமான கட்டடம் எனக்கு வாய்க்கவில்லை. மூன்றாம் மாடி ஜன்னலில் நின்று அந்த வெறும் நடைபாதையைப் பார்த்த மாலைகள் இன்னும் உறுத்துகின்றன.

இரண்டாவது கட்டடம் பாதி காலியாகக் கிடந்த சமயத்தில், 1992இல், லண்டனின் கேனரி வார்ஃப் அலுவலக வளாகம் பற்றிய செய்தி வந்தது நினைவிருக்கிறதா? 50 மாடிக் கோபுரம் 1991இல்தான் முடிந்திருந்தது. அடுத்த மே மாதத்திலேயே அதைக் கட்டிய ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. எனக்கு அன்று கை நடுங்கியது. அவர்களே தாக்குப்பிடிக்கவில்லை, நாம் எம்மாத்திரம் என்று உனக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அந்த நிறுவனத்தை நடத்திய அதே பால் ரைக்மன் கூட்டாளிகளோடு 1995இல் திரும்பி வந்து அதை வாங்கினார். ஜூப்ளி ரயில் பாதை அங்கே வந்து சேர்ந்தது 1999இல். அதே கோபுரம், அதே இடம். போக்குவரத்து வருவதற்குள் கடனின் தவணை வந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு பகுதி மீண்டு எழுவதற்கு ஆகும் காலமும் கடன் திரும்பக் கேட்கப்படும் காலமும் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த இடைவெளியை யார் சுமப்பது என்பதுதான் எங்கள் தொழிலின் முழுச் சிக்கலும்.

அதே லண்டனில் கிங்ஸ் கிராஸ் வேறு விதம். 67 ஏக்கர் பழைய ரயில்வே நிலம். அடிப்படை அனுமதி கிடைத்தது 2006இல். 1852இல் கட்டிய தானியக் கிடங்கைச் சீர்செய்து, 2011இல் ஒரு கலைக் கல்லூரியை உள்ளே கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு அதன் முன்னே நீரூற்றுகளோடு பெரிய சதுக்கம் திறந்தது. பெரிய அலுவலகங்களில் பல அதற்குப் பிறகுதான் எழுந்தன. ஒரு பிற்பகல் முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்தேன். வாடகை தராத ஆட்கள் முதலில் வந்தார்கள், வாடகை அவர்களுக்குப் பின்னால் வந்தது. நிலத்தை விற்றுவிட்டு விலகாமல் பல்லாண்டு கையில் வைத்திருந்தவர்களுக்குத்தான் இந்த வரிசை கட்டுப்படியாகும்.

உட்காருவது என்றதும், நகரங்களின் பொதுவெளிகளை ஆராய்ந்த வில்லியம் வைட் நினைவுக்கு வருகிறார். நியூயார்க்கில் 1961 முதல், கட்டடத்துக்கு முன் திறந்தவெளி விட்டால் கூடுதல் தளப்பரப்புக்கு அனுமதி கொடுத்தார்கள். பலர் வெறும் கல் பாவிய வெளியை விட்டுவிட்டு மாடிகளை வாங்கிக்கொண்டார்கள். வைட் கேமராவை வைத்து மணிக்கணக்கில் படமெடுத்துப் பார்த்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் முடிவு. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்காக 1975இல் விதிகளையே திருத்த வேண்டியிருந்தது. திண்டு ஓரடி முதல் மூன்றடி உயரத்துக்குள் இருந்தால் போதும் என்றார். அதைப் படித்த பிறகு என் எல்லாக் கட்டடங்களிலும் வெளிச்சுவரின் அடியில் ஒன்றரை அடி உயரத்தில் திண்டு வைக்கச் சொன்னேன். உட்காரவிடாமல் கம்பி பதிக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். ஒரு முறைகூட நான் ஒப்புக்கொண்டதில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்கு நிறைவளித்தது நான் புதுப்பித்துக் கட்டிய அந்தப் பழைய கிடங்குதான். அதன் முன்பக்கம் பதினோரு கடைகள் இருந்தன. படிக்கட்டின் அடியில் சாவி செய்பவர் ஒருவர். இரண்டு மீட்டர் அகலம்கூட இல்லை. ஒரு பலகை நிறைய வெட்டாத சாவிகள், தேய்க்கும் இயந்திரம், கதவு திறந்ததும் இரும்புத் தூளின் வாசம். இந்த முறை பேரத்தை வேறு விதமாகப் போட்டேன். வேலை நடக்கும் 26 மாதமும் தெருவோரம் தகரக் கொட்டகை. முடிந்ததும் பழைய வாடகைக்கே திரும்பும் உரிமை. மூன்றாம் ஆண்டிலிருந்து விற்பனையில் ஒரு பங்கு வாடகை. கடன் கொடுப்பவர் மறுத்தார். என் லாபத்தைக் குறைத்துப் பிணையாகக் காட்டிய பிறகு இறங்கி வந்தார். மேல்தளங்கள் நிரம்ப நான்கு ஆண்டு பிடித்தது. நிரப்பியது அந்தத் தெருவின் நடமாட்டம்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஏழு கடைகள் திரும்பின. மூவர் வேறு காரணங்களால் வரவில்லை. பதினோராவது, செருப்புத் தைப்பவர். அவர் கடையை மூடியதற்கு நான்தான் காரணம். கட்டுமானத் தடுப்பின் வாயிலை நான் குறித்துக் கொடுத்த இடத்தில் வைத்ததால், எட்டு மாதம் பாதசாரிகள் எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிடப்பட்டார்கள். வாயிலை இருபது மீட்டர் தள்ளியிருந்தால் போதும். நியூயார்க்கின் ஹை லைன் பூங்காவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஹேமண்ட், பக்கத்துக் குடியிருப்பு மக்களுக்குத் தாங்கள் செய்ய நினைத்ததில் தோற்றுவிட்டோம் என்று 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வரும் பூங்கா அது. அந்தப் பேட்டியைப் படித்தபோது எனக்கு அந்தச் செருப்புக் கடைதான் கண்முன் நின்றது. அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னார், வேறு எதுவும் பேசவில்லை.

உன் வரைபடத்தை இளையவர்களின் மேசையில் விரித்துவைத்திருக்கிறேன். அடுத்த வேலைக்குப் பொறுப்பேற்றிருக்கும் பெண் பொறியாளர் அதை வெகுநேரம் பார்த்தார். கீழே வாகன நிறுத்தம் இருப்பதால் தூண்களை நெருக்கினால் வண்டி திரும்ப இடம் இருக்காதே, முதல் தளத்தில் பெரிய உத்திரம் போட்டு பாரத்தை மாற்றியிருப்பாரா என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தூண் இடைவெளியாக நீ குறித்த எண் மடிப்பில் அழிந்துவிட்டது. நாலரை மீட்டர் என்று எனக்குத் தோன்றுகிறது, நாலு என்று அவர் சொல்கிறார். எது சரி, உத்திரத்துக்கு என்ன யோசித்தாய் என்று இரண்டு வரி எழுதிவிடு. வரும் மாதம் அவர்கள் வரைபடத்தை அனுமதிக்கு அனுப்புகிறார்கள், அதற்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
உன் நண்பன்