மட்டர்ஹோர்னுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

நத்தாருக்கு வரும்போது சிநேகிதிகளை மட்டர்ஹோர்ன் மலையடியில் உள்ள சுவிஸ் ஊரான செர்மாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டாய். தாராளமாகப் போங்கள். மார்ச்சில் நானும் அம்மாவும் போய்வந்த கதையை ஃபோனில் பாதியோடு விட்டுவிட்டேன், மீதியை இதில் எழுதுகிறேன்.

கார் வேண்டாம். பெட்ரோல் வாகனங்களை ஊருக்குள் விடமாட்டார்கள். முந்தின ஊரான டேஷில் நிறுத்திவிட்டு ரயிலில்தான் போகவேணும். உள்ளே ஓடுவதெல்லாம் சின்னச் சின்ன மின்சார வண்டிகள். சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும், அம்மா திடுக்கிட்டுப் போனா.

மியூசியத்தை விட்டுவிடாதே. 1865இல் மட்டர்ஹோர்னில் முதன்முதலாக ஏறிய ஏழு பேரில் நாலு பேர், இறங்கும்போது கயிறு அறுந்து விழுந்து செத்தார்கள். அந்தக் கயிற்றுத் துண்டு அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. இதை நம்பியா 4,478 மீட்டர் ஏறினார்கள் என்றிருந்தது எனக்கு.

கேபிள் கார் 3,883 மீட்டர் வரைக்கும் போகும். மேலே மூச்சு வாங்கும், அவசரப்படாமல் நடவுங்கள். 2023இலிருந்து ஸ்கி தெரியாதவர்களும் அங்கேயிருந்து கேபிள் காரிலேயே இத்தாலிப் பக்கம் செர்வினியாவுக்கு இறங்கலாம். நாங்களும் இறங்கினோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நீ பிறப்பதற்கு முன்னம் நான் எஃப் அட்டையோடு, அதுதான் தற்காலிக அனுமதி அட்டையோடு, இருந்த காலத்தில், நாட்டை விட்டு வெளியே போக அனுமதி கேட்டு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்கவேணும். இத்தாலியில், பலெர்மோவில் சித்தப்பாவின் கலியாணத்துக்கு நான் போகாதது அதனால்தான். இங்கே என்னடாவென்றால் எல்லைக்கோடே ஓர் இடத்தில் நிற்பதில்லை. பனியாற்றில் நீர் எந்தப் பக்கம் வழிகிறதோ அதை வைத்துத்தான் எல்லை. பனி உருக உருக அதுவும் நகர்கிறது. அப்படி ஒரு மலைவிடுதி இரண்டு நாட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பேசிப் பேசி, 2024இல்தான் சுவிஸ் அரசு புதிய கோட்டுக்குச் சம்மதித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவுக்கு வரவில்லை. “கலியாணம் முடிஞ்சு இத்தனை வருஷத்துக்குப் பிறகு வந்து என்ன?” என்றா.

செர்வினியாவில் சாப்பாடு நல்லது, கோப்பியும் மலிவு. சரிவுகள் அகலம், பழகுகிறவர்களுக்கு வசதி. ஆனால் மலையின் அழகு சுவிஸ் பக்கத்தில்தான். செர்வினியாவிலிருந்து பார்த்தால் அந்தக் கூர்மை இல்லை. இத்தாலிக்காரரிடம் இதைச் சொல்லிவைக்காதே.

ஒன்றை மட்டும் கவனி. திரும்பும் கடைசிக் கேபிள் கார் பின்னேரமே போய்விடும், காற்று பலத்தால் அதற்கு முன்னமும் நிறுத்திவிடுவார்கள். தவறினால் வாகனத்தில் மலையைச் சுற்றிவர மணிக்கணக்காகும். ஆகவே காலையிலேயே கடந்துபோய், சாப்பிட்ட கையோடு திரும்புங்கள். ஸ்கி பாஸ் எடுக்கும்போது இரண்டு பக்கத்துக்கும் செல்லுமா என்று கேட்டு எடுக்கவேணும். சிநேகிதிகளின் காப்புறுதியில் ஸ்கி விபத்தும் அடங்குமா என்று இப்போதே பார்க்கச் சொல்.

உன் ஹல்ப்டாக்ஸ், அந்த அரைக்கட்டண அட்டை, முடிந்திருக்கும். திகதியைச் சொன்னால் புதுப்பித்துவைக்கிறேன், கேபிள் காரிலும் பாதிக்கட்டணம்தான்.

அன்புடன்,
அப்பா